எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிற பழைய ஆசாரி ஒருவரிடம் போய், "என்னிடம் ஒரு சாவி இருக்கிறது, இந்த ஊரிலுள்ள எல்லாப் பூட்டும் இதற்குத் திறக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களைப் பாராட்ட மாட்டார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது உமக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்பார். அந்தத் தொழிலில் அப்படிப்பட்ட சாவிக்கும் மதிப்பில்லை, அதை வைத்திருப்பவனுக்கும் மதிப்பில்லை. பூட்டுக்குள்ளே இருக்கும் லீவர்களுக்கு ஆளுக்கோர் உயரம். சாவியின் வெட்டுகள் அந்த உயரங்களுக்குச் சரியாகப் பொருந்தினால்தான் பூட்டு திறக்க வேண்டும். பொருந்தாத சாவிக்குத் திறக்க மறுப்பதுதான் பூட்டின் தருமம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்றால், அது திறந்ததற்காக அல்ல. கண்டவர் கைக்கெல்லாம் திறக்காமல் இருந்ததற்காகத்தான்.

பாஷைகளின் உறவை ஆராய்வதும் ஏறக்குறைய பூட்டு வேலைதான். ஆனால் நம்மிடையே சில அன்பர்கள் ஒரே ஒரு சாவியை வைத்துக்கொண்டு உலகத்துப் பாஷைகளையெல்லாம் திறந்துகொண்டே போகிறார்கள். சென்ற சில வருஷங்களாக அவர்கள் கைவரிசை அக்காடிய மொழியின்மேல் திரும்பியிருக்கிறது. பாபிலோனியாவிலும் அஸிரியாவிலும் பேசப்பட்டு, களிமண் பலகைகளில் எழுதப்பட்டு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மறைந்துபோன அந்த மொழி தமிழிலிருந்து பிறந்தது என்கிறார்கள். தமிழிலிருந்து பிறந்தது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்பவர்கள் மிதவாதிகள். தமிழேதான் என்பவர்களும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் திண்டுக்கல்லில் ஓர் இலக்கிய மன்றத்தின் ஆண்டு விழாவில் இதைக் காது குளிரக் கேட்டேன். பேச்சாளர் நல்ல குரல் வளம் உள்ளவர். "அக்காடு என்றால் என்ன? அ என்பது சேய்மைச் சுட்டு. அ, காடு, அக்காடு! அந்தக் காடு! தமிழன் வைத்த பெயர்!" என்றார். மண்டபம் அதிர்ந்தது. "அங்கே ஊர் என்று ஒரு நகரம். ஊருக்கு ஊர் என்று பெயர் வைக்கத் தமிழனைத் தவிர வேறு யாரால் முடியும்?" என்றார். மறுபடியும் கரகோஷம். "தாயை அவர்கள் உம்மு என்கிறார்கள், நாம் அம்மா என்கிறோம், தந்தையை அபு என்கிறார்கள், நாம் அப்பா என்கிறோம். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?" என்று முடித்தார். எனக்கு முன் வரிசையில் கல்லூரி மாணவி ஒருத்தி இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தாள். கைதட்டியவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான் கவலை. இந்தக் கட்டுரை அதற்காக.

முதலில் அந்த மூன்று சான்றுகளையும் எடுத்துக்கொள்வோம்.

'அக்காடு' என்பதில் சந்தி இலக்கணம் கொஞ்சமும் பிசகவில்லை. பிசகியது பூகோளம். டைக்ரிஸ், யூப்ரடீஸ் என்ற இரண்டு நதிகளுக்கு இடையே உள்ள தெற்கு ஈராக் வண்டல் சமவெளி. களிமண்ணும் நாணலும் பேரீச்சையும் உண்டு; நல்ல மரத்துக்குப் பஞ்சம். கோயிலுக்கு உத்தரம் வேண்டுமென்றால் லெபனான் பக்கத்து மலைகளிலிருந்து தேவதாரு கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிக் கொண்டுவந்ததை அந்நாட்டு அரசர்கள் பெருமையாகக் கல்வெட்டுகளில் எழுதி வைத்தார்கள். மரமே இல்லாத ஊருக்கு 'அந்தக் காடு' என்று பெயர் வைக்கத் தமிழன் அவ்வளவு அசடனா?

'ஊர்' என்பது பைபிள் வழியாக நமக்கு வந்த உருவம். அந்த நகரத்தார் தாமே எழுதி வைத்த சுமேரியப் பலகைகளில் அதன் பெயர் 'உரிம்'. நாம் கைதட்டுவது பெயரின் வெட்டுப்பட்ட பாதிக்கு.

அம்மாவும் அப்பாவும் வருவது குழந்தையின் உதட்டிலிருந்து. பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் வாய்க்கும் ஒலிகள் மகரமும் பகரமும். உலகத்தில் எத்தனையோ சம்பந்தமில்லாத பாஷைகளில் தாய்க்கும் தந்தைக்கும் இந்த ஒலிகளிலேயே பெயர் அமைந்திருக்கிறது. தொட்டிலில் கிடைத்த சான்றைச் சரித்திரத்தின் வாசலில் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

சரி, அக்காடிய மொழி வேறு எதைச் சேர்ந்தது? இதற்கு விடை தேட நாம் பாக்தாதுக்குப் போக வேண்டாம். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் அரபு ஓதுகிற ஒரு சிறுவனைக் கூப்பிட்டு மூன்று, நான்கு, ஐந்து என்று அரபியில் எண்ணச் சொன்னால் போதும். ஸலாஸா, அர்பஆ, கம்ஸா என்பான். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய அக்காடியனைக் கேட்டால் ஷலாஷ், எர்பெ, ஹமிஷ் என்பான். அரபியில் நாக்கு லிஸான், அக்காடியத்தில் லிஷானு. அரபியில் வீடு பைத், அக்காடியத்தில் பீத்து. கண் ஐன், அங்கே ஈனு. பல் ஸின், அங்கே ஷின்னு. அந்த 'உம்மு' கூட நம் இஸ்லாமியச் சகோதரர்கள் பலர் வீட்டில் 'உம்மா' என்று இன்றும் ஒலிக்கும் அரபுச் சொல்லின் உறவு. எண்களும் உடல் உறுப்புகளும் ஒரு மொழி சாதாரணமாகக் கடன் வாங்காத சொற்கள். அவை வரிசையாக, ஒழுங்கு மாறாமல் பொருந்துகின்றன. அங்கே 'ஷ' வருகிற இடத்தில் இங்கே இன்ன ஒலி வரும் என்று விதி சொல்ல முடிகிறது. மேடைப் பேச்சில் பொருந்தியதோ ஒன்றிரண்டு, விதியோ ஒன்றுமில்லை.

சொற்களையும் விட்டுவிடுங்கள். மொழியின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். அரபி, ஹீப்ரு, அக்காடியம் முதலிய செமித்திய மொழிகளில் ஒரு சொல்லின் உயிர்நாடி மூன்று மெய்யெழுத்துக்கள். அவற்றுக்கு நடுவே உயிரெழுத்துக்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சொற்களை ஆக்குவார்கள். நமக்கு இது புதிது அல்ல. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் தினமும் சொல்கிறார்கள்: வக்கீல், வக்காலத்து. இரண்டும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. வ, க, ல என்ற மூன்று மெய்கள் நின்றுவிட்டன. உள்ளே உயிர்கள் மாறின. அமலும் மாமூலும்கூட அப்படி ஒரே வேரின் பிள்ளைகள்தாம், அவற்றின் நடத்தை வேறாயிருந்தாலும்! அக்காடியத்தில் 'அஷ்புர்' என்றால் 'அனுப்பினேன்'. 'ஷிப்ரு' என்றால் அனுப்பிய செய்தி. ஷ, ப, ர என்ற மூன்றும் கல் போல நிற்கின்றன.

தமிழின் வழக்கம் வேறு. அனுப்பு, அனுப்பினேன், அனுப்பினவன், அனுப்பினவனுக்கு என்று ரயில் பெட்டிகளைக் கோப்பதுபோல் பின்னால் பின்னால் கோத்துக்கொண்டே போவோம், எஞ்சின் மாறாது. "கெடு என்பது கேடு ஆகிறதே, படு என்பது பாடு ஆகிறதே" என்று தமிழாசிரியர் யாராவது கேட்கலாம். உண்மை. ஆனால் அது சில சொற்களில் முதல் எழுத்து நீளுகிற வழக்கம். ஒரு மொழியே அந்த அச்சில் சுழல்வது வேறு விஷயம்.

அக்காடியத்தில் வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வருகிறது என்பதையும் சிலர் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்கிறார்கள். செமித்திய உறவினர்களிடையே இது விசித்திரந்தான். அதற்குக் காரணமும் கண்டிருக்கிறார்கள். அக்காடியர்கள் பல நூற்றாண்டுகள் சுமேரியர்களோடு ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். எழுத்தை அவர்களிடம் கற்றார்கள். சொற்களைக் கடன் வாங்கினார்கள். வாக்கியம் அமைக்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சு வாடை அடிப்பதால் யாரும் அவர் பிள்ளையாகிவிட மாட்டார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்கு 1857-ல் லண்டனில் நடந்த ஒரு பரீட்சையைச் சொல்ல வேண்டும்.

பாரசீகத்தில் பெஹிஸ்தூன் என்ற மலைப்பாறையில் தாரியஸ் மன்னன் தன் பெருமையை மூன்று மொழிகளில் செதுக்கி வைத்தான்: பழைய பாரசீகம், ஈலமைட், அக்காடியத்தின் கிளையான பாபிலோனியம். ராலின்ஸன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி 1835 முதல் அந்தச் செங்குத்துப் பாறையில் தொற்றி ஏறிப் பிரதி எடுத்தார். தெரிந்த மொழியின் துணையால் தெரியாத மொழி மெல்ல மெல்ல வாய் திறந்தது. உலகம் நம்பவில்லை. "ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள்" என்று சிரித்தது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? மேடை போட்டு முழங்கவில்லை. திக்லத்-பிலேசர் என்ற அஸிரிய மன்னனின் சாசனம் ஒன்றை ராலின்ஸன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பெர்ட் என்ற நால்வர் தனித்தனியாக மொழிபெயர்த்து, உறையிலிட்டு முத்திரை வைத்து, ராயல் ஏஷியாடிக் சொஸைடிக்கு அனுப்பினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. உறைகளைப் பிரித்து ஒத்துப் பார்த்தபோது முக்கியமான இடங்களிலெல்லாம் நால்வரும் ஒரே பொருளைச் சொல்லியிருந்தார்கள். நாலு ஆசாரிகள் நாலு ஊரில் உட்கார்ந்து சாவி வெட்டி, நாலும் ஒரே பூட்டைத் திறந்த மாதிரி. அக்காடியம் அன்று திறந்தது.

நம் மேடைப் பேச்சாளர்களில் நால்வரை அழைத்து, ஒரே களிமண் பலகையின் படத்தைக் கொடுத்து, தமிழின் துணையால் தனித்தனியே படித்து உறையிலிட்டுத் தரும்படி கேட்டால் எத்தனை உறை வரும்? வருகிற உறைகள் ஒத்து வருமா? இந்தப் பரீட்சைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஜாதியோ, நாடோ, நிறமோ தடையில்லை. வராமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய வேரும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமல்ல. ராலின்ஸன் காலத்து அறிஞர்கள் அந்தப் பலகைகளில் செமித்தியம் அல்லாத இன்னொரு மொழியையும் கண்டார்கள். அதைத்தான் முதலில் 'அக்காடியம்' என்று அழைத்தார்கள். 1869-ல் ஓப்பெர்ட், அதைச் சுமேரியம் என்று அழைப்பதே பொருத்தம் என்று எடுத்துக் காட்டினார். பிறகு பெயர்கள் இடம் மாறின. ஆகவே சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய ஆங்கிலப் புத்தகங்களில் 'அக்காடியம்' என்று வருவது பல இடங்களில் இன்று நாம் சுமேரியம் என்று சொல்லும் மொழி. தமிழைப் போல ஒட்டுகளை அடுக்கும் மொழி அது. பழைய புத்தகத்திலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி இன்றைய அக்காடியத்தின் தலையில் கட்டினால், இல்லாத உறவு முளைக்காமல் என்ன செய்யும்?

சுமேரியம் பற்றி வாதாடியவர்கள் வேறு. இலங்கைத் தமிழறிஞர் ஆ. சதாசிவம் 1965-ல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என்று எழுதினார். அதை உலக அறிஞர்கள் ஏற்கவில்லை; சுமேரியத்துக்கு இன்றுவரை உறவினர் யாரும் உறுதியாகவில்லை. ஒட்டுகளை அடுக்குவதால் மட்டும் உறவு என்றால் துருக்கியும் ஜப்பானிய மொழியும் நமக்குச் சம்பந்திகள். பெஹிஸ்தூன் பாறையின் இரண்டாவது மொழியான ஈலமைட்டைத் திராவிடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கால்டுவெல் 1856-லேயே எண்ணினார். மெக்கால்பின் என்ற அமெரிக்கர் 1970-களில் அதை விரிவாக எழுதினார். அதையும் பலர் ஏற்கவில்லை. ஆனால் இவர்களெல்லாம் பட்டியல் கொடுத்தார்கள், விதி சொன்னார்கள், "இங்கே தவறு" என்று பிறர் விரல் வைக்க இடம் கொடுத்தார்கள். மறுக்க இடம் கொடுத்துத் தோற்பவன் ஆராய்ச்சிக்காரன். மறுக்கவே இடம் கொடுக்காதவனை என்னவென்று சொல்வது?

அந்த ஒரே சாவியின் சக்தியை வாசகர்களுக்குக் காட்ட, நானே ஒரு பூட்டைத் திறந்து காட்டுகிறேன். திண்டுக்கல் என்ற பெயர் எப்படி வந்தது? திண்டு போலப் பெரிய கல் இருப்பதால் என்று ஊரார் சொல்வார்கள். பாவம், அறியாதவர்கள்! அக்காடியத்தில் 'தன்னு' என்றால் வலிமை வாய்ந்தது. 'எகல்லு' என்றால் அரண்மனை. தன்னு எகல்லு, தண்டு எகல்லு, திண்டு எகல்லு, திண்டுக்கல்! அகரம் இகரமானது காலத்தின் கோளாறு. டகரம் வந்தது நாக்கின் சோம்பல். வலிமை வாய்ந்த அரண்மனை! மலைமேல் கோட்டை இருக்கிறதா, இல்லையா? ஆகவே திண்டுக்கல்லைக் கட்டியவர்கள் பாபிலோனியர்கள்.

இந்த இரண்டு சொற்களும் நான் இட்டுக்கட்டியவை அல்ல. அசல் அக்காடியச் சொற்கள், பொருளும் அதுவே. ஆனாலும் முழுக்க முழுக்கப் பொய். அந்தக் கோட்டையை மதுரை நாயக்கர்கள் கட்டியது 1605-ல். அக்காடிய மொழியின் கடைசிப் பலகைகள் கி.பி. முதல் நூற்றாண்டோடு நின்றுவிட்டன. நடுவே ஆயிரத்து ஐந்நூறு வருஷம். அதோடு அக்காடியத்தில் அடைமொழி பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும். 'எகல்லு தன்னு' என்றுதான் சொல்வார்கள். அந்த மொழியின் இலக்கணம் தெரிந்தவனுக்கு என் பித்தலாட்டம் ஒரு நொடியில் தெரியும், தெரியாதவன் கைதட்டுவான். அக்காடியம் தமிழ் என்று காட்டும் முறை எதுவோ, அதே முறையில் தமிழ் அக்காடியம் என்றும் காட்டலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திறக்கும் பூட்டை எந்தக் கதவில் போடுவது?

இத்தனை வாதத்துக்கும் தேவையில்லாமல், அக்காடியர்களே இந்த வழக்கில் ஒரு சாட்சியை விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சாட்சி இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுண்டுவிரல் போல ஒரு சிறிய உருளை முத்திரை, ஷு-இலிஷு என்பவனுடையது. அவன் உத்தியோகம் என்ன என்று அதில் பொறித்திருக்கிறது: 'மெலுஹா மொழியின் துபாஷி'. சுமார் கி.மு. 2334-ல் பட்டத்துக்கு வந்தவனாகக் கணக்கிடப்படும் அக்காடியப் பேரரசன் ஸார்கோன், மெலுஹாவின் கப்பல்கள் தன் துறைமுகத்தில் வந்து நின்றதாகப் பெருமை பேசினான். மெலுஹா என்பது சிந்து சமவெளி நாடு என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். சிந்து சமவெளியின் மொழி திராவிடமாக இருக்கலாம் என்று ஐராவதம் மகாதேவனும் பின்லாந்தின் அஸ்கோ பர்ப்போலாவும் வாழ்நாள் உழைப்பால் வாதாடினார்கள். நம் அன்பர்களுக்கும் அதில் சம்மதமே. அப்படியே வைத்துக்கொள்வோம். அக்காடியன் தமிழனாக இருந்தால், தமிழன் பேசுவதைப் புரிந்துகொள்ள அவனுக்குச் சம்பளம் கொடுத்துத் துபாஷி வைக்க வேண்டிய அவசியம் என்ன?

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் மொழியின் மேல் உள்ள ஆசையில் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டுமே" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர். தமிழின் பழமையைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு, அந்தக் காயம் ஆறவில்லை, அதற்கு மருந்தாக இப்படி நாலு வார்த்தை என்று சமாதானம் சொன்னார். காயம் உண்மை. மருந்துதான் விஷம்.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-ஆம் வருஷங்களில் அங்கே அகழ்ந்தார். ஒரு கல்லறையில் நான்கு கால் ஜாடி ஒன்று. அதற்குள் இரண்டு கிலோ அளவு நெல். அதே கல்லறையில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனை ஒன்று. 'வய்ர' என்று படித்தார்கள். நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று விடை வந்தது. இன்னொரு கல்லறை நெல்லுக்குக் கி.மு. 450. தமிழ்நாட்டில் எழுத்தின் காலத்தையே பின்னோக்கித் தள்ளுகிற செய்தி இது. இந்த இரண்டு கணக்கு போதுமா, இன்னும் வேண்டுமா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். அது வாதாடத் தக்க சான்று. யாரோ ஒரு செத்த மனிதனோடு புதைத்த ஒரு ஜாடி நெல்!

இனி, வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு செய்தி வருகிறது. ஒன்று, அக்காடியம் தமிழ். மற்றொன்று, பொருந்தல் நெல் கி.மு. 490. முதலாவது பொய் என்று அவருக்கு ஒரு நொடியில் தெரியும். அவர் கையில் அகராதி இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1921-ல் தொடங்கி 2011-ல் முடித்த, இருபத்தொரு தொகுதி அக்காடிய அகராதி. தொண்ணூறு வருஷத்து வேலை. தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்கவில்லை. முதல் செய்தியைப் பார்த்துச் சிரித்த வாய், இரண்டாவது செய்தியைப் படிக்கும்போதும் அந்தச் சிரிப்பை மறக்குமா? கள்ள நாணயம் புழங்குகிற சந்தையில் நல்ல நாணயத்தையும் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நஷ்டம் யாருக்கு என்று கேட்ட நண்பருக்கு இதுதான் பதில்: நெல்லைத் தோண்டி எடுத்தவர்களுக்கு.

இன்னொரு நஷ்டம் கதை படிக்கிற நமக்கு. 'ஊர்' என்ற பெயரைக் கேட்டுக் கைதட்டிவிட்டு எழுந்து போகிறவனுக்கு, அந்த ஊரில் என்ன கிடைத்தது என்று தெரியாமலே போகிறது. அங்கே ஏயா-நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி இருந்தான். சுமார் கி.மு. 1750-ல் நன்னி என்ற வாடிக்கைக்காரன் அவனுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினான். நல்ல செம்பு தருவதாகச் சொல்லி மட்டமான சரக்கைக் காட்டினாயே, என் ஆளை மரியாதையில்லாமல் நடத்தினாயே என்று புகார். அசல் அக்காடியம். அந்தப் பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. திண்டுக்கல் கடைத்தெருவில் இரும்பும் பித்தளையும் வாங்குகிற எவரும் அந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதியிருப்பார்! அந்த நன்னியைத் தமிழனாக்கித்தான் நாம் அவனோடு உறவு கொண்டாட வேண்டுமா? அவன் அந்நியனாகவே இருந்து, நாலாயிரம் வருஷத்துக்கு அப்பாலிருந்து நம்மைப் போலவே கோபப்படுகிறானே, அந்த ஆச்சரியம் போதாதா? உலகத்திலுள்ளவர்கள் எல்லாரும் நாமே என்று சொல்லிவிட்டால், பிறகு நாம் தெரிந்துகொள்ள உலகத்தில் யார்தான் மிச்சம்?

அக்காடியத்துக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கப்பல் வந்தது, சரக்கு வந்தது, சரக்கோடு சொல்லும் வந்திருக்கலாம். அக்காடியத்தில் யானைக்கு 'பீரு' என்று பெயர். பஹதா அன்சுமாலி முகோபாத்யாய் என்ற ஆராய்ச்சியாளர் 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தச் சொல்லும் அதன் உறவுகளும், 'பல்' என்று பொருள்படும் பழைய திராவிடச் சொல்லிலிருந்து, தந்த வியாபாரத்தின் வழியே மேற்கே போயிருக்கலாம் என்பது அவர் வாதம். ஒரே ஒரு சொல். அது போன வழி, அதைச் சுமந்த சரக்கு, அது வருகிற கடிதங்கள் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்து வாதாடுகிறார். அது நிற்கலாம், விழலாம். ஆனால் அது ஒரு பூட்டுக்கு வெட்டிய ஒரு சாவி. நம் பிள்ளைகளில் நாலு பேர் அந்தக் களிமண் எழுத்தை முறையாகக் கற்றுக்கொண்டு இப்படி நாலு சொல்லைத் தேடிக் கொடுத்தால், நாலாயிரம் மேடைப் பேச்சுக்கு அது சமம்.

அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு, 'ஊர்' என்ற சொல்லைப் பழைய காலத்தில் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு, பக்கத்திலேயே ஒரு வழி உண்டு. தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி தாலுகாவில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்ற கிராமம். 2006-ல் அங்கே மூன்று நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில், கூடல் என்னும் ஊரில் நடந்த மாடு பிடி சண்டையில் செத்துப்போன ஒரு வீரனின் பெயர் இருக்கிறது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லும் 'ஆகோள்' என்ற சொல் அதில் இருக்கிறது. 'ஊர்' என்ற சொல்லும் இருக்கிறது. பைபிளில் வெட்டுப்பட்டு வந்த பாதி அல்ல. நம்மவன் ஒருவன் நம் எழுத்தில், ஈராயிரம் வருஷத்துக்கும் முன்னால், இறந்துபோன தன் ஊர்க்காரனுக்காகக் கல்லில் வெட்டிய முழுச் சொல். அக்காடுக்குப் பயணச் சீட்டு வாங்குகிறவர்கள் முதலில் அங்கே போய்விட்டு வரட்டும். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம்.